பீலியடியில் ரேணுகாவின் குடம்

நெல்லியாளம் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களுக்கு நடுவே கிடந்த பெரட்டுக்களம்தான் ஆண்டாயிக்கு ஊர், உலகம் எல்லாம். காலையில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புவதும், கல்யாணப் பந்தல் போடுவதும், மயிரைப் பிடித்துச் சண்டை போடுவதும் அங்கேதான். களத்தின் ஓரத்தில் மலை ஊற்றுத் தண்ணீர் இரண்டு இரும்புக் குழாய்களில் கொட்டியது. சிலோனிலிருந்து வந்தவர்கள், அங்கே சொன்னபடியே அதைப் பீலி என்றார்கள்.

பீலியடிக்கு ஒரு சட்டம் உண்டு. குடம் வரிசையில் நின்றால் ஆள் நிற்பதாக அர்த்தம். கவிழ்த்து வைத்தால் முறையை விட்டுக்கொடுத்தாயிற்று. இதை ஆண்டாயி மாதிரிக் கட்டிக்காத்தவள் யாருமில்லை. வரிசை மீறிய கங்காணி பெண்டாட்டியையே ஒருமுறை கிழிகிழியென்று கிழித்திருக்கிறாள்.

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனதும் ஃபேக்டரியை மூடினார்கள். ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பூருக்குப் பஸ் ஏறியது. போகும்போது பழைய குடம் ஒன்றை வரிசையில் விட்டுப் போனார்கள். திரும்பி வரும்வரை இடம் இருக்கட்டும் என்று. ஆண்டாயியின் மகள் ரேணுகாவும் தன் நெளிந்த அலுமினியக் குடத்தை அப்படித்தான் வைத்துவிட்டுப் போனாள்.

ஊற்றைத் தூர்வார ஆளில்லை. ஒரு பீலி நின்றே போனது. மற்றது நூலாக ஒழுகியது. ஆண்டாயி என்ன செய்தாள் தெரியுமா? ஊரில் இல்லாதவர்களின் குடங்களை முதலில் நிரப்பினாள். முறையென்றால் முறை! அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டுக் கடைசியில்தான் தன் குடத்தை வைப்பாள். அதற்குள் உச்சிப்பொழுது ஆகிவிடும். புருஷன் வீரையா தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கோ ஒரே பயம்தான். இடம் போய்விட்டால் மகள் வரவே மாட்டாள்.

மாரியம்மன் திருவிழாவுக்கு ரேணுகா வந்தாள். பீலியடியில் தாய் குந்தியிருந்த கோலத்தைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏம்மா இந்தப் பாடு? அங்க எங்க ஊட்டுக்குள்ளயே பைப்பு இருக்கும்மா. நீயும் அப்பாவும் எங்கூட வந்துருங்க."

"லயத்த விட்டா மறுபடி குடுக்க மாட்டாங்கடி. நாளைக்கு நீ வந்தா எங்க இருப்ப?"

"நான் வர மாட்டேம்மா."

ரேணுகா குனிந்தாள். தன் குடத்திலிருந்த தண்ணீரைத் தாயின் குடத்தில் ஊற்றினாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்தாள்.

ஆண்டாயி அதை நிமிர்த்தி வைக்கவில்லை. அவள் காத்த சட்டம்தானே.

மகளைப் பஸ் ஏற்றிவிட்ட மறுநாள் காலை, வழக்கம்போல ஒவ்வொரு குடமாக நிரப்பிக்கொண்டு வந்தாள். கவிழ்ந்து கிடந்த ரேணுகாவின் குடத்தருகே வந்தாள். அதை நிமிர்த்தாமல் நகர்த்தி வைத்தாள். பின்னால் இருந்த தன் குடத்தைத் தூக்கி, ஓர் இடம் முன்னால் வைத்தாள்.