பின்சக்கரத்துச் சத்தம்

தெருவில் ஒரு சரக்கு வண்டி திரும்பினால் போதும், கீழ்வீட்டுப் பல்செட்டுக்காரர் கையில் இருக்கும் பல்வரிசையை அப்படியே பிடித்தபடி தலையைச் சாய்த்துக்கொள்வார். வண்டி முனையைத் தாண்டும்வரை மூச்சுகூட விடமாட்டார். பிறகு தீர்ப்பு வரும். “க்ளச் போகப்போகுது. இன்னும் ஒரு மாசம் தாங்கினா அதிசயம்.” வண்டிக்காரர் யாரென்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆகவே தீர்ப்பு பொய்த்ததாக இதுவரை தகவல் இல்லை.

நான் மாடியில் குடியிருப்பவன்; அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பல் வைத்தியர்கள் அளவெடுத்து அனுப்ப, அவர் கீழே முன்னறையில் உட்கார்ந்து பல் செய்வார். ஜன்னல் விளிம்பு நெடுகப் பிளாஸ்டர் வாய்கள் இளித்துக்கொண்டிருக்கும். மேஜையின் இடது ஓரத்தில் தேய்க்கிற மெஷின். அது ஓடினால் மாடியில் என் டம்ளர் தண்ணீர் நடுங்கும். அவரோ அதைக் காதுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, கூடவே பாடவும் செய்வார். இரண்டில் எது மெஷின் என்று எனக்குச் சில நாள் குழப்பம் வந்ததுண்டு.

அவருடைய வெளிர்நீலக் கார் அவர் மகளைவிட மூத்தது. அதை மெக்கானிக்கிடம் விடுவது அவருக்கு மானப்பிரச்சினை. “நம்ம வண்டியை நாமதான் பார்க்கணும் தம்பி. நம்ம பல்லை அடுத்தவனா தேய்க்கிறான்?” என்பார். ஆயில் மாற்றுவது, பிரேக் கட்டை மாற்றுவது எல்லாம் அவரே. ஞாயிற்றுக்கிழமைகளில் காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களிடம் வணக்கம் சொல்லிவிட்டுத்தான் நான் கடைக்குப் போவேன்.

அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், பள்ளி வேன் ஓட்டுகிறார். வீட்டுக் காரின் ஸ்டியரிங்கை மட்டும் அவர் தொட அண்ணன் விடுவதில்லை. “நாள் பூரா ஊர்ப்பிள்ளைங்களை ஏத்திக்கிட்டு அலையறா. நம்ம கார்லயாவது சும்மா உட்காரட்டும்” என்பார். அதில் பிரியம் இருந்தது, சந்தேகமில்லை. ஒருநாள் என்னிடம் ரகசியமாகவும் சொன்னார்: “வீட்டுல வாய் ஓயாது தம்பி. இடது பக்கம் ஏறி உட்கார்ந்துட்டா போதும், அவ்வளவு அமைதி. அந்தக் கார்ல ஏதோ இருக்கு.”

அந்தக் காரில்தான் போன மாதம் உறுமல் ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் முனகல், வேகம் எடுத்தால் மாவு மெஷினை டிக்கியில் வைத்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். தெருமுனையில் கார் திரும்பும்போதே நான் மாடியில் எழுந்து ஜன்னலைச் சாத்துவேன். “பின்சக்கர பேரிங். வலது பக்கம்” என்று தலையைச் சாய்த்துச் சொல்லிவிட்டார் அண்ணன். சொன்னதோடு சரி. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே இருந்தார்.

மகள் கைக்குழந்தையோடு முதல்முறையாக வருகிறாள் என்று சேதி வந்ததும் தள்ள முடியாமல் போயிற்று. ஞாயிறு காலை ரயில். பிறந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து அந்தக் காரில்தான் கூட்டி வந்திருக்கிறார். பேத்தியும் அதில்தான் வீட்டுக்கு வரவேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார். அக்கா வாசலில் நின்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: “பச்சைக் குழந்தையை அந்த உறுமல்ல ஏத்த மாட்டேன். சக்கரம் கழண்டுக்கிட்டா யாரு பதில் சொல்றது? சத்தம் நின்னா கார், இல்லன்னா டாக்சி. அப்புறம் என் தம்பி பழைய வண்டி கேட்டுக்கிட்டே இருக்கான், கொடுத்துடலாம்.” அந்தத் தம்பி பழைய வண்டிகளைப் பிரித்து விற்பவர். அண்ணனின் முகம் தொங்கிப்போனது.

சனிக்கிழமை காலையிலேயே மாடிப்படியில் அவர் குரல் ஏறிவந்தது. “தம்பி, சும்மாதானே இருக்கீங்க?” நான் எழுதிக்கொண்டிருந்தேன். அவர் அகராதியில் அதற்கு அதுதான் பெயர்.

முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்தார். வலது பின்சக்கரம் கழன்றது. நடுவில் இருந்த மூடியைத் தட்டியெடுத்து, பின்னை உருவி, நட்டைத் திருகினால் பிரேக் டிரம் முழுசாகக் கையோடு வந்தது. அதற்குள்தான் பேரிங், சக்கரம் வழுக்கிச் சுழல்வதற்கான உருளைகள். கறுத்துக் களியாகிப்போன கிரீஸைப் பல் வேலைக்கு வைத்திருந்த மெழுகுக் கத்தியால் வழித்தார். பல்லுக்கு மெருகு போடும் பிரஷ்ஷால் துடைத்தார். உருளைகளை வெளிச்சத்தில் பிடித்து, “பாருங்க, தேய்ஞ்சிருக்கு. சொன்னேன்ல?” என்றார். எனக்கு எல்லாம் பளபளவென்று நன்றாகத்தான் தெரிந்தது. வல்லுநரிடம் வாயைக் கொடுப்பானேன் என்று பேசாமல் இருந்தேன்.

புது பேரிங்கின் இடுக்குகளில் உள்ளங்கையால் கிரீஸைத் திணித்தார். டிரம்மில் உருளைகள் ஓடும் பழைய வளையத்தைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்கினார், ஒரு பக்கம் சாயவிடாமல். பல்லைப் பொருத்துகிற அதே பொறுமை. நட்டை இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்து, புதுப் பின்னை மாட்டினார். கடையில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துத்தான் தருவார்களாம். இடது பக்கத்துக்கு வந்ததைப் பரணில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். “அதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கு.”

சத்தம் நின்றுவிட்டதாக அக்காவிடம் அறிவித்ததும், அவர் நம்பாத முகத்தோடு இடது சீட்டில் ஏறினார். சாட்சிக்கு நான் பின்னால், மடியில் கருவிப் பெட்டியோடு. கார் பெரிய சாலையைப் பிடித்து வேகம் எடுத்தது. என் இடது தொடைக்குக் கீழே அதே உறுமல் கிளம்பியது.

“புதுசு இல்லையா, கொஞ்சம் பழகணும்” என்றார் அண்ணன். குரலில் சுரத்து இல்லை.

“என் பக்கம்தாங்க, பின்னாடி” என்றார் அக்கா.

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

“இடது சக்கரம்ங்க. கேட்குதா?”

அவர் கியரை மாற்றினார், அவ்வளவுதான். அக்கா திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் ‘பார்த்தாயா இந்த மனுஷனை’ என்று எழுதியிருந்தது. எனக்கே கோபம் வந்து அவர் தோளைத் தட்டினேன். “அண்ணே, அக்கா சொல்றாங்கல்ல?”

“என்ன சொல்றா? அவ வாயே திறக்கலையே.”

அவர் ஓரமாக நிறுத்தினார். அக்கா இறங்கிச் சுற்றிவந்து அவர் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

“இடது பக்கம்னு சத்தம் ஆரம்பிச்ச நாளா சொல்றேன். உங்களுக்குக் காதுல போட்டுக்க இஷ்டம் இல்லைன்னு நினைச்சு விட்டுட்டேன்.”

“கார்லயா சொன்னே?”

“கார்லதான். எல்லாமே கார்லதான் சொன்னேன். மக உண்டாகியிருக்கான்னு உங்ககிட்ட முதல்ல சொன்னது யாரு? நான்தான், இந்த சீட்ல உட்கார்ந்து. நீங்க ரோட்டைப் பார்த்துக்கிட்டே வந்தீங்க. ராத்திரி அவ போன்ல சொன்னதும் குதிச்சீங்க. நான் சொன்னா செய்தி இல்லையாக்கும்னு இருந்துட்டேன்.”

நான் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் உள்ளங்கையால் வலது காதை இறுக்கப் பொத்திக்கொண்டார். “ஏதாவது சொல்லு.”

அக்கா எதையோ சொன்னார். சாதாரணக் குரல்தான். எனக்கே கேட்டது, எழுதமாட்டேன். அவர் காத்திருந்தார். கடைசியில் கையை எடுத்துவிட்டு, “சொல்லிட்டியா?” என்றார்.

அக்கா தலையாட்டினார். அண்ணன் பெரிதாகச் சிரித்துவிட்டார். “பேரிங் போனது எனக்கு! அந்த மெஷின் இந்த இடது காதைத் தின்னுட்டிருக்கு. ஒரு காதை வச்சிக்கிட்டு ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொல்லியிருக்கேன் பாரு.” சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. “அமைதியா வர்றேன்னு சந்தோஷப்பட்டேன்டி” என்றார். அக்கா அவர் தோளில் ஓர் அடி வைத்தார், கொஞ்சம் பலமாகவே.

வீட்டுக்கு வந்ததும் இடது சக்கரம் மேலே போனது. இந்த முறை தலையைச் சாய்க்கவில்லை. சக்கரத்துக்கு உட்புறமிருந்த ஸ்பிரிங்கின்மேல் விரல்களை வைத்துக்கொண்டு அக்காவைச் சுழற்றச் சொன்னார். “அம்மாடி! கரகரங்குது. நீயே தொட்டுப் பாரு.” மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் சக்கரம் டொக்கென்று ஆடியது. உள்ளே உருளைகள் குழி விழுந்து, அம்மை கண்ட முகம் மாதிரி இருந்தன. காலையில் பரணுக்குப் போன பேரிங் பெட்டியை நான் போய் இறக்கிவந்தேன். பத்து வருஷம் அரை நாளில் முடிந்துவிட்டதே என்று கேட்டேன். “வாயை மூடிக்கிட்டு கிரீஸை எடுங்க தம்பி” என்றார்.

வெயில் சாய்வதற்குள் வேலை முடிந்தது. அக்கா வழக்கம்போல இடது கதவைத் திறக்கப் போனார். அங்கே அண்ணன் நின்றிருந்தார். சாவியை அவரிடம் நீட்டினார். “நீ ஓட்டு.”

அக்கா வாங்கிக்கொண்டு வலது பக்கம் போனார். பழைய சாட்சியாகிய நான் பழைய இடத்தில் உட்கார்ந்தேன். பெரிய சாலையில் வேகம் கூடியது, இன்னும் கூடியது. தொடைக்குக் கீழே ஒன்றும் இல்லை. டயர் தரையில் ஓடுகிற சத்தம் மட்டும்.

“நின்னுடுச்சுங்க. நாளைக்கு ஸ்டேஷனுக்கு கார்லயே போயிடலாம்” என்றார் அக்கா.

“கேட்டுச்சு” என்றார் அண்ணன்.

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடம் வந்தது. அக்கா திருப்பவில்லை, நேரே விட்டார். அண்ணன் தன் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றினார். கிரீஸ் போகாத விரலால் வலது காதின்மேல் விழுந்திருந்த முடியைப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, அக்கா பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.