ஆப்பிரிக்கா போய் வந்த அம்பிகா

அம்பிகாவுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஆட்களின் வருகைக் கார்டைப் பதியும் டைம் ஆபீஸ் வேலை. கணவன் கௌதம் தோல் பதனிடும் படிப்புப் படித்தவன். மகள் பூர்ணிமா கைக்குழந்தையாக இருந்தபோது நைரோபிக்கு வெளியே ஒரு டேனரியில் வேலை கிடைத்துப் போனான். இப்போது அவள் ஒன்பதாம் வகுப்பு. வருடத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவான். அதிலும் பாதி கல்யாணம், சாவு, பல் வைத்தியம் என்று கரைந்துவிடும்.

போன பொங்கல் லீவு முடிந்து அவன் திரும்பிய வாரமே அம்பிகா போனில் சொல்லிவிட்டாள்.

"அடுத்த வாட்டி நீங்க வராதீங்க. நாங்க அங்க வர்றோம்."

"இங்க இன்னா இருக்குது பாக்க? தோலும் சுண்ணாம்புத் தொட்டியும்தான். ஆம்பூர்ல இல்லாததா?"

"சிங்கம் இருக்குதில்ல?"

அவன் சிரித்துவிட்டான். "அது இருக்குது."

அன்றிலிருந்து சாப்பாடு முடிந்ததும் தாயும் மகளும் போனில் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துகொண்டார்கள். சஃபாரிக்காரர்கள் முதலில் அனுப்பிய திட்டம் முழுக்கப் புல்வெளி. அம்பிகாவுக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவு தூரம் போய்ப் புல்லை மட்டும் பார்த்துவிட்டு வருவதா? யானைகள் புரண்டு சிவந்து திரியும் செம்மண் காடு வேண்டும், பூநாரைகள் நிற்கும் உப்பு ஏரி வேண்டும், கடைசியில் பனிமலை தெரிகிற இடத்தில் ஓர் இரவு தங்க வேண்டும் என்றாள்.

"ஏரிலேர்ந்து மலைக்கு ஒரே நாள்ல போவ முடியாது. ரோடு பேஜாரு. நடுவுல ஒரு நாள் தங்கித்தான் ஆவணும்" என்றான் கௌதம். வேண்டாம் என்றவன் இப்போது அவனாகவே வழி விசாரித்துச் சொல்ல ஆரம்பித்திருந்தான். காய்ச்சல், ஸ்கூல் பீஸ், மாடி ஒழுகல் தவிர வேறெதையும் அவர்கள் பேசி எத்தனையோ வருடமாகிவிட்டது. இப்போது ஒட்டகச்சிவிங்கி எப்படித் தூங்கும் என்று பேசினார்கள்.

சென்னைக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டார்கள். வீங்கின கையைப் பூர்ணிமா கிளாஸ் முழுக்கக் காட்டினாள்.

கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது ஆபீஸ் வேளையில் முஜாஹித் கூப்பிட்டான். கௌதமுடன் அறையில் தங்கியிருந்த பேரணாம்பட்டுக்காரன்.

"அக்கா, அண்ணன் டேனரில மயங்கி வுழுந்துட்டாரு. மூளைல ரத்தம் கசிஞ்சிருக்குதாம். உடனே வாங்க."

கிடைத்த விமானத்தில் ஒரு சீட்டுதான் இருந்தது. பூர்ணிமா பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"நானும் வர்றேன்மா. எனக்கும் ஊசி போட்டிருக்குதில்ல?"

அம்பிகாவின் அக்கா சந்திரா அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

நைரோபி விமான நிலையத்தில் முஜாஹித் நின்ற விதத்திலேயே அம்பிகாவுக்குத் தெரிந்துவிட்டது.

"நீங்க பிளைட் ஏறின பிற்பாடு, அக்கா..."

அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

சவக்கிடங்கில் கௌதமைப் பார்த்தாள். கையைத் தொட்டாள்; ஜில்லென்றிருந்தது. பிறகு அவன் துணிமணிகளை எடுக்க அறைக்குப் புறப்பட்டார்கள். சாலையின் ஒரு பக்கம் நெடுகக் கம்பிவேலி, அதற்கப்பால் புல்வெளி.

"அக்கா, அதோ..." என்று கை நீட்டிய முஜாஹித் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஒட்டகச்சிவிங்கிகள். முள்மரத்தின் உச்சியை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன.

"இத அவரு தினமும் பாப்பாரா?"

"முன்ன பாப்பாரு. நீங்க வர்றீங்கன்னு ஆன பிற்பாடு, வண்டி இங்க வந்தா மூஞ்ச அந்தப் பக்கம் திருப்பிக்குவாரு. புள்ளயும் வூட்லயும் வரட்டும், சேந்து பாக்கறேன்னுவாரு. நாங்க கிண்டல் பண்ணுவோம்."

அம்பிகா ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பினாள். "வண்டிய வேகமாப் போவச் சொல்லுப்பா."

காகிதங்கள் முடிய நாளாயிற்று. திரும்பும் விமானத்தில் அவன் சரக்கோடு சரக்காகக் கீழே இருந்தான். பக்கத்து இருக்கைகளில் ஒரு கணவனும் மனைவியும் போனில் சிங்கப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்கள். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கம் வரவில்லை.

பாலாற்றங்கரையில் காரியம் முடிந்தது. பூர்ணிமா அதன்பின் அம்மாவிடம் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே கேட்டாள்: "ஊசி போட்டிருந்துச்சே. என்னை ஏன் உட்டுட்டுப் போன?"

ஒரே சீட்டுதான் இருந்தது என்று அம்பிகா சொல்லியிருக்கலாம். இரண்டு பேர் தட்டிலும் சோறு காய்ந்தது.

மறு மாதம் வேலைக்குப் போனாள். மாதனூர் பஸ்ஸில் வரும் தையல் செக்‌ஷன் சவுரியம்மாள், மகள் பிரசவத்துக்காக நீண்ட லீவு போட்டிருந்தவள், அன்றுதான் திரும்பியிருந்தாள். ஆப்பிரிக்கா போகிற பேச்சு மட்டும் தெரியும், மற்றது எதுவும் தெரியாது. டைம் ஆபீஸ் ஜன்னலில் முகம் முழுக்கச் சிரிப்போடு குனிந்தாள்.

"இன்னாம்மா, ஆப்பிரிக்கா போய்ட்டு வந்துட்டியாமே! எப்டி இருந்துச்சி?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி சவுரியம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"குளிரா இருந்துச்சிக்கா" என்றாள் அம்பிகா. சவுரியம்மாளின் கார்டை வாங்கிப் பதிந்து திருப்பிக் கொடுத்தாள்.