ஸ்வெட்டர் பையில் போன சாவி

சாம்பல் நிற நூலில் நான் பின்னிய ஸ்வெட்டர் அது. இடது பக்கம், உள்ளே, நெஞ்சுக்கு நேராக ஒரு சின்னப் பை. ஸ்வெட்டருக்கு உள்பை வைத்துத் தைத்தவள் இந்த மலையிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பேண்ட் பையில் போட்டால் மோட்டார் சைக்கிள் சாவி எங்காவது விழுந்துவிடும் என்று என் வீட்டுக்காரர் அடம்பிடித்துத் தைக்க வைத்தார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. இன்னொரு சாவியை அவலாஞ்சிப் பக்கம் எங்கோ தொலைத்துவிட்டு வந்தவர் அவர். மிச்சமிருந்தது இது ஒன்றுதான்.

அவர் போன அன்றைக்கு விடாத மழை. எங்கள் எஸ்டேட்டில் எரிப்பதில்லை. இந்த ஈரத்தில் விறகை நம்ப முடியாது, புதைப்பதுதான் வழக்கம். குளிப்பாட்டி, வேட்டி கட்டி, விபூதி பூசியான பிறகு தொழிலாளர் லைன் வீட்டுப் பெண்களில் மூத்தவர் என் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா, அவருக்கு ஸ்வெட்டர் எடுத்துக் குடுங்க. மண்ணு சில்லுன்னு இருக்குமுங்க" என்றார். கீழே சமவெளியில் இருப்பவர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம். எங்கள் லைன்களில் அப்படித்தான் அனுப்புகிறோம். ஆணியில் தொங்கியதை எடுத்துக் கொடுத்தேன். பையை யாரும் தடவிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்கள் பஸ் ஏறிப் போன பிறகு, வாசலோரம் நின்ற வண்டியைப் பார்த்தபோதுதான் சாவி எங்கே இருக்கிறது என்பது உறைத்தது. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சாவியை எடுக்காமல் அந்த மனிதர் எங்கே போயிருக்கிறார்! அப்புறம் அழுதேன், அதுவரை அழாததையெல்லாம் சேர்த்து.

அவர் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். நான் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சர். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை; எப்போதும் "டீச்சர்"தான், அதில் கொஞ்சம் கேலியும் உண்டு. வண்டி எங்கள் மகளுக்கு மூத்தது. ஒரே பூட்டுத்தான் அதை ஸ்டார்ட் செய்யவும், ஹேண்டிலைத் திருப்பிப் பூட்டவும். சொந்த வாசலில் நிறுத்தினாலும் ஹேண்டிலைப் பூட்டாமல் உள்ளே வரமாட்டார். "கரடி வந்து ஓட்டீட்டுப் போயிருமாக்கும்?" என்பேன். "லைசென்ஸ் இருக்கற கரடியா இருந்துச்சுன்னா?" என்பார். இதே பேச்சை எத்தனை வருஷம் பேசினோமோ, இரண்டு பேருக்கும் சலித்ததில்லை.

குளிர்காலத்துக் காலை நேரத்தில் அந்த வண்டியைக் கிளப்ப ஓர் ஆள் போதாது. சாவியைப் போடாமலே அவர் முதலில் நாலைந்து உதை உதைப்பார். உள்ளே உறைந்து கிடக்கும் ஆயில் இளக வேண்டுமாம். நான் ஹேண்டில் பக்கம் சாவியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "டீச்சர், போடு" என்று குரல் வந்ததும் திருப்ப வேண்டும். அடுத்த உதையில் பிடித்துக்கொள்ளும். பூட்டு தேய்ந்து போனதால் சாவியை முழுதாக உள்ளே விட்டால் திரும்பாது. ஒரு நூல் அளவு பின்னால் இழுத்து, லேசாக மேலே தூக்கித் திருப்ப வேண்டும். சாயங்காலத்தில் எனக்கு வேறு வேலை. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே வளைவில் வண்டிச் சத்தம் கேட்டதும் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைப்பேன். அவர் ஹேண்டிலைப் பூட்டிவிட்டு உள்ளே வரும்போது தண்ணீர் கொதித்திருக்கும்.

அவர் போன பிறகு வண்டி வருஷக்கணக்கில் தார்ப்பாய்க்குள் நின்றது. சாயங்காலங்களில் வேறு யாருடைய வண்டியாவது வளைவில் திரும்பும். அது அவருடைய சத்தமில்லை என்று காதுக்குத் தெரியும், தெரிந்தும் ஒரு நொடி நிமிர்ந்து பார்ப்பேன். தனியாக இருப்பது பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குப் பழகவில்லை.

இப்போது நான் ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸைக் காலி செய்து, திருப்பூரில் மகளிடம் போக வேண்டும். "அந்த இரும்பை யாருக்காச்சும் குடுத்துட்டு வாம்மா" என்று மகள் போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். ஹேண்டில் பூட்டிக் கிடக்கிறது, உருட்ட முடியாது, அறுத்துத் துண்டாக்கித்தான் வேனில் ஏற்ற முடியும் என்றார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். அந்த வாசலிலிருந்து அவர் போனதை ஒருமுறை பார்த்துவிட்டேன். வண்டியாவது தன் சக்கரத்தில் உருண்டு போகட்டும் என்று இருந்தது. பிக்கட்டியில் காரட் போடும் என் கொழுந்தனார், ஓடுகிற நிலையில் இருந்தால் தாமே வைத்துக்கொள்வதாகச் சொன்னார். ஆகவே சாவி வேண்டும்.

ஊட்டி மார்க்கெட் அருகே குடைக்குக் கீழே சாவி போடுகிறவர் ஒருவரிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வண்டியக் கொண்டாங்கம்மா, போட்டுரலாம்" என்றார்.

"ஏனுங்க, சாவி இருந்தாத்தானுங்களே வண்டி வரும்?"

அவர் சிரித்துவிட்டார். "பழைய சாவி எங்கீங்க விழுந்துச்சு? தேடிப் பாத்தீங்களா?"

"தேட முடியாத எடத்துல இருக்குதுங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். கொழுந்தனாரும் பெட்ரோல் கேனோடு வந்து பழைய பெட்ரோலை வடித்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து, டயருக்கும் காற்றடித்து வைத்தார். சாவிக்காரர் வெட்டு விழாத புதுச் சாவி ஒன்றை மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பாக்கி, பூட்டுக்குள் விட்டு அசைத்து, வெளியே எடுத்து, கறுப்பு அழிந்த இடத்தை அரத்தால் ராவினார். மறுபடி புகை, மறுபடி பூட்டு, மறுபடி அரம். பனி இறங்கி எதிர்ச்சரிவு மறைந்துவிட்டது. கடைசியில் சாவி சிக்காமல் உள்ளே போனது, ஆனால் திரும்பவில்லை. வியர்த்துப் போய் நிமிர்ந்தார். "வெட்டெல்லாம் சரியாத்தானுங்க இருக்குது. பூட்டு தேஞ்சு போச்சு. இதுக்கு மேல முறுக்குனா உள்ளயே ஒடிஞ்சுக்கும். அறுத்துட்டுப் புதுப் பூட்டு மாத்திக்கலாமுங்க."

அறுப்பது என்ற சொல்லைக் கேட்டதும் வண்டியருகே போனேன். "நான் ஒருக்காப் பாக்கட்டுங்களா?" என்று சாவியைப் பிடித்தேன். ஒரு நூல் பின்னால் இழுத்தேன். லேசாக மேலே தூக்கினேன். இத்தனை வருஷம் சும்மா கிடந்த விரல்கள் எதையும் மறக்கவில்லை. டக்கென்று திரும்பியது. ஹேண்டில் விடுபட்டுத் தானாக நேரே வந்தது, யாரோ தலையைத் திருப்பிப் பார்ப்பதைப் போல.

"அடேங்கப்பா!" என்றார் சாவிக்காரர். இழுத்துத் திருப்புவதை ஒருமுறை தாமும் செய்து பார்த்துக்கொண்டு, அதே அளவில் இன்னொரு சாவியும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

கொழுந்தனார் கிக்கரில் கால் வைத்தார். நான் வழக்கம்போல் ஹேண்டில் பக்கம் போய் நின்று சாவியைப் பிடித்துக்கொண்டேன். அவர் உதைத்தார், உதைத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். "அண்ணி, சாவியப் போடலீங்களா?" என்று அவர் மூச்சு வாங்கியபடி கேட்டபோதுதான் எதற்காகக் காத்திருந்தேன் என்பது எனக்கே புரிந்தது. "டீச்சர், போடு" என்று சொல்ல வேண்டியவர் இல்லை. சாவியைத் திருப்பினேன். அடுத்த உதையில் வண்டி புகையைக் கக்கிக்கொண்டு பிடித்தது.

ஓட்டிப் பார்த்து வருகிறேன் என்று கொழுந்தனார் கீழே போனார். நான் உள்ளே வந்து, பாதி கட்டிய மூட்டைகளுக்கு நடுவே நின்றேன். கொஞ்ச நேரத்தில் சில்வர் ஓக் வளைவிலிருந்து சத்தம் மேலே ஏறி வந்தது. அதே வண்டி, அதே தட்டல். நான் எதையும் நினைக்கவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து, தண்ணீரும் வைத்துவிட்டேன்.

"டீயெல்லாம் வேண்டாங்க அண்ணி, பனி எறங்குது, வெளிச்சத்துலயே போயிர்றேன்" என்றார் கொழுந்தனார். ஒரு சாவியை அவரிடம் கொடுத்து, ஒரு நூல் இழுத்துத் திருப்பச் சொன்னேன். வண்டி வாசலைத் தாண்டி, தன் சக்கரத்தில் உருண்டு போனது. வளைவு வரைக்கும் சத்தம் கேட்டது. உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டு டம்ளரை எடுத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வைத்தேன்.

இன்னொரு சாவி என்னிடம் இருக்கிறது. திருப்பூர் வெயிலில் ஸ்வெட்டர் தேவையில்லை என்று மகள் சொல்கிறாள். ஆனாலும் இங்கே இருக்கும் இந்தக் கடைசி நாட்களில் என்னுடைய ஸ்வெட்டருக்கும் உள்ளே ஒரு சின்னப் பை வைத்துத் தைத்தேன். சாவியை அதில் போட்டிருக்கிறேன். என் நேரம் வரும்போது என்னை மேலே கொண்டுவந்து அவர் பக்கத்திலேயே வைக்க வேண்டும் என்றும், ஸ்வெட்டர் போட்டுவிட வேண்டும் என்றும் மகளிடம் சொல்லிவிட்டேன். பையைத் தடவிப் பார்க்க வேண்டாம் என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.