இடது கண் துடித்த மாதங்கள்

முதலில் துடித்தது இடது கண்ணின் கீழ் இமை. ஒரு வியாழக்கிழமை காலை, தறிக் குழியில் காலை இறக்கி உட்கார்ந்த சிறிது நேரத்தில், இமையின் உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டுவது போல் இருந்தது. வலி இல்லை. நான் சந்தோஷப்பட்டேன்.

பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்ல சேதி வரும் என்று நம்புகிற வீட்டில் பிறந்தவள் நான். அதே துடிப்பு வலது கண்ணில் வந்திருந்தால் அன்று மாலையே டாக்டர் முன்னால் நின்றிருப்பேன். இடது கண்ணில் வந்ததால் நான்கு மாதம் வீணாய்ப் போயிற்று. உங்களில் யாருக்காவது கண்ணோ விரலோ கெண்டைக்காலோ தானாகத் துடித்துக்கொண்டிருந்தால், என் முட்டாள்தனத்தைப் படித்தாவது சீக்கிரம் போய்க் காட்டிக்கொள்ளுங்கள்.

நான் எதிர்பார்த்த நல்ல சேதி என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் ஓரகத்தி வசந்தாவை முதலாளி ஒருமுறையாவது என் முன்னால் திட்ட வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

தொண்ணூறுகளின் கடைசி அது. ஆரணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு பட்டுத் தறிகள் அருகருகே இருந்தன. ஒன்றில் நான், மற்றதில் என் கொழுந்தனாரின் மனைவி வசந்தா. பெரணமல்லூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோது அவளுக்கு ஊடை என்கிற குறுக்கு இழையை ஓட்டும் நாடாவைப் பிடிக்கவே தெரியாது. மூன்றே வருடத்தில் என்னைத் தாண்டிவிட்டாள். நான் ஒரு புடவையை முடித்து அறுக்கும்போது அவள் அடுத்த புடவையில் பாதி நெய்திருப்பாள். எங்களுக்குப் பட்டு கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி வந்தால் முதலில் அவள் தறியைத்தான் தடவிப் பார்ப்பார். "இந்தப் புது டிசைன வசந்தா கிட்ட குடுத்துடலாம், ஜல்தியா முடிச்சிடும்" என்பார். எனக்கு வயிறு பற்றிக்கொண்டு எரியும்.

எனக்கென்று ஒன்றே ஒன்று இருந்தது. தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள், அதாவது பாவு, தீர்ந்ததும், பழைய பாவின் நுனிகளோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து முறுக்க வேண்டும். சாம்பலைத் தொட்டுக்கொண்டு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரே உருட்டு. ஆயிரக்கணக்கான இழைகள். சரியாகச் சேராத இழை நெய்யும்போது நழுவும், துணியில் கோடு விழும். எங்கள் தெருவில் பாவு பிணைக்க என்னைத்தான் கூப்பிடுவார்கள். வசந்தாவின் தறிக்கும் நான்தான் பிணைத்தேன். அந்த நேரம் முழுவதும் அவள் கையைக் கட்டிக்கொண்டு என் விரல்களையே பார்த்திருப்பாள். அதில் எனக்கு ஒரு திருப்தி.

ஆனாலும் வேகத்தில் அவளை எட்ட வேண்டுமே. அதற்கு நான் கண்டுபிடித்த வழி காபி. குழியிலிருந்து எழுந்து சாப்பிடப் போனால் நேரம் போய்விடும் என்று பிளாஸ்கில் கெட்டியாகக் காபி கலந்து வைத்துக்கொண்டேன். கறை படுகிற எதையும் பட்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பது தறி வீட்டுக் கட்டுப்பாடு. நான் டம்ளரை முதுகுக்குப் பின்னால் வைத்து, ஒரு பழைய டிசைன் அட்டையால் மூடி, திரும்பித் திரும்பிக் குடித்தேன். தூக்கம் கெட்டது, தலை வலித்தது. தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். அதைப் போட்டதும் வலியும் போயிற்று, தெம்பும் வந்தது. என்ன அருமையான மாத்திரை என்று தினமும் இரண்டு போட ஆரம்பித்தேன்.

மூன்றாவது மாதம் கெண்டைக்காலில் தோலுக்கடியில் புழு நெளிவது போல ஓடியது. நான்காவது மாதம் வலது கட்டைவிரலுக்கு வந்தது. பக்கத்து வீட்டுப் பாவைப் பிணைத்துக்கொண்டிருந்தபோது விரல் தானாக ஒரு துள்ளு துள்ளியது. இழை நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. "கை மரத்துப்போச்சு" என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். கொல்லையில் நின்று அழுதேன். எனக்கு வாதம் வரப்போகிறது, என் விரல் போகப்போகிறது, அந்த இடத்தில் அவள் உட்காரப்போகிறாள். இந்த மூன்றில் எது பெரிய பயம் என்று கேட்டால் மூன்றாவதுதான்.

உள்ளூர் டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்தார். குறையவில்லை. வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். என் கணவர் ஒரு சாவுக்காகக் கலசப்பாக்கம் போயிருந்தார். துணைக்கு வசந்தா வந்தாள். பஸ்ஸில் ஜன்னலோர சீட்டை அவளே பிடித்துக்கொண்டாள். அதற்கும் எனக்குக் கோபம்.

அங்கே ஒரு பெண் டாக்டர் முட்டியில் சிறு சுத்தியால் தட்டினார், விரல்களை மடக்கி நீட்டச் சொன்னார், ரத்தம் எடுத்து தைராய்டு (கழுத்தில் உள்ள சுரப்பி), கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) எல்லாம் பார்த்தார். பலம் குறையவில்லை, ரத்தத்தில் குறை இல்லை. "இதுக்குப் பேரு ஃபாசிகுலேஷன்" என்றார் (தசையின் ஒரு சிறு கற்றை மட்டும் நம்மைக் கேட்காமல் துள்ளுவது). பிறகு கேட்டார்: "காபி எத்தனை தடவை குடிப்பீங்க?"

"மூணு டம்ளர்" என்றேன்.

"இல்லீங்க டாக்டர்" என்றாள் வசந்தா. "பதினோரு டம்ளர். நான் எண்ணிகினுதான் வரேன். தலைவலி மாத்திரை வேற தினம் ரெண்டு போடறாங்க."

டாக்டர் மாத்திரையின் பெயரைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிலும் காஃபீன் (காபியில் உள்ள உசுப்பும் பொருள்) இருந்தது. நான் காபியால் வந்த கோளாறுக்குக் காபியையே மருந்தாக விழுங்கியிருக்கிறேன். "காஃபீன் நரம்ப உசுப்பிவிடுதும்மா. அது சும்மா இருக்கற தசைக்கும் வேலை சொல்லுது. தூக்கமும் இல்ல, சாப்பாடும் இல்லன்னா இன்னும் அதிகமாகும்" என்றார். ஒரேயடியாக நிறுத்தாமல், சில நாளுக்கு ஒருமுறை ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வரச் சொன்னார். எல்லாத் துடிப்பும் இப்படிச் சாதாரணமானதல்ல. கையில் பலம் குறைந்தாலோ, தசை மெலிந்தாலோ, விழுங்கக் கஷ்டமாக இருந்தாலோ உடனே வர வேண்டும் என்றும் சொன்னார். இதை நீங்களும் மறக்காதீர்கள்.

வெளியே வராந்தாவில் வந்து அவளைப் பிடித்துக்கொண்டேன். "இன்னாடி, என்ன வேவு பாக்கறியா?"

அவள் தலை குனிந்தாள். "உங்க விரல் மாதிரி எனக்கு வர மாட்டேங்குதேக்கா. காபியிலதான் ஏதோ கீதுன்னு நெனச்சேன். அதான் எண்ணிகினு இருந்தேன். நானும் நாலு நாளு அதே மாதிரி குடிச்சிப் பாத்தேன். வயிறு பேஜாராயிடுச்சி."

இத்தனை நாளும் பொறாமை எனக்கு மட்டும்தான் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காபியைக் குறைத்த முதல் இரண்டு வாரம் மண்டை பிளந்தது. பகலெல்லாம் ஈரத் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தேன். கூடத்தில் வசந்தாவின் தறி நிற்காமல் ஓடும் சத்தம் கேட்கும். தூங்குகிறவர்கள், காபி குடிக்கிறவர்கள், கட்டைவிரல் சொன்னபடி கேட்கிறவர்கள், எல்லோர் மேலும் பொறாமை. அந்த நேரம் பார்த்து அவள் பாவு தீர்ந்தது. "நானே பிணைச்சிக்கறேன்க்கா, நீங்க எழுந்திருக்காதீங்க" என்றாள். என் பயம் நடந்தே விட்டது.

நடந்தது, ஆனால் சரியாக நடக்கவில்லை. இழைகள் நழுவிப் புடவையில் கோடு விழுந்தது. முதலாளி வந்து பார்த்து, நான் படுத்திருந்த அறை வாசலிலேயே நின்று அவளைத் திட்டினார். நான்கு மாதமாக என் இடது கண் சொன்ன நல்ல சேதி வந்தே விட்டது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்போது வசந்தா சொன்னது காதில் விழுந்தது: "அக்காவுக்கு ஒடம்பு சரியில்லீங்க. அவங்க எழுந்து வந்துட்டா எல்லாம் சரியாப்பூடும். அந்தக் கை யாருக்கும் வராதுங்க." அதற்குப் பிறகு அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை.

மூன்று மாதத்தில் கால் அடங்கியது, பிறகு கண், கடைசியாகக் கட்டைவிரல். முதல் பாவைப் பிணைத்த அன்று ஒவ்வொரு இழைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒன்றும் நழுவவில்லை. இப்போது காலையில் ஒரு டம்ளர் காபி மட்டும். சாப்பாட்டுக்குக் குழியைவிட்டு எழுந்து வருகிறேன். முன்பு காணாமல் போயிருந்த மத்தியானம் எனக்குத் திரும்பக் கிடைத்திருக்கிறது. உடம்பில் எங்காவது ஒரு துடிப்பு வந்தால் வேலையை நிறுத்தி, அது முடியும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அந்த நேரத்தில் வசந்தா என்னை முந்திப் போகிறாள். போகட்டும் என்று சொல்லமாட்டேன். இன்றும் எரியத்தான் செய்கிறது.

எனக்குக் குணமாகிச் சில வருடம் கழித்து, ஒரு காலை, அவள் நெய்துகொண்டே இடது கண்ணைப் புறங்கையால் தேய்ப்பதைப் பார்த்தேன். அன்று முதலாளி புது டிசைன் கொண்டுவருவதாக இருந்தது. அவளைப் பார்த்தும் நான் நாலைந்து ஊடை ஓட்டினேன், அதை மறைக்கப் போவதில்லை. பிறகு நாடாவைக் கீழே வைத்தேன்.

"எத்தினி நாளா துடிக்குது, வசந்தா?"

"ஒரு வாரமாக்கா. நல்லதுதானே, இடது கண்ணு." சிரித்தாள். "நான் குடிக்கறது டீதானே, அதுவும் மூணே டம்ளர்."

"ஒம்போது" என்றேன். "நானும் எண்ணிகினுதான் இருக்கேன்."