றேமண்டின் பத்து விரல்கள்

கொட்டாஞ்சேனையில் ஒரு மரவேலைக்காரரை யாருக்காவது அறிமுகப்படுத்தினால் முதலில் அவருடைய கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பிறகு. முத்தப்பன் முதலாளியின் பட்டறையில் ஆறு பேர் வேலை செய்தார்கள். ஆறு பேருக்கும் சேர்த்து ஐம்பத்து நான்கு விரல்கள். எண்ணிப் பார்த்துச் சொன்னவர் பொலிஷ் அடிக்கும் பஸீர். வாலிபத்தில் மரம் அறுக்கும் வாள் பிடித்தவர். இடது கையில் மூன்று விரல்தான் மிச்சம்.

"செத்தா எங்கட மையத்தெல்லாம் கொஞ்சம் லேசா ஈக்கும் றேமண்ட். ஒங்களத்தான் முழுப் பாரத்தோட தூக்கோணும்."

றேமண்ட் சிரிப்பார். பதில் சொல்ல மாட்டார். யார் எதைச் சொன்னாலும் அவருக்குச் சிரிப்புத்தான் முதலில் வரும். சொல் வர நேரமெடுக்கும், பாதி நாட்களில் வராமலே போய்விடும். ஆனால் அந்தப் பகிடி அவருக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது. வட்டவாள் மேசையில் இருபத்திரண்டு வருடம் நின்று பத்து விரலையும் வீட்டுக்குக் கொண்டுபோன ஆள் அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். முகத்துவாரத்தில் அவர் வீட்டுச் சுவரில் சான்றிதழ் எதுவும் தொங்கவில்லை. விரல்கள்தான் சான்றிதழ்.

வெள்ளவத்தையில் புதிது புதிதாக எழும்பும் மாடி வீடுகளுக்குச் சமையலறை அலுமாரி செய்துகொடுப்பதுதான் பட்டறையின் முக்கிய வேலை. றேமண்ட் வெட்டிய பலகை சீவுளி பார்க்காமலே பொருந்தும். இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு விசிட்டிங் கார்ட் போகிற இடைவெளி, மேலிருந்து கீழ்வரை அதே இடைவெளி. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. காலையில் வந்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டு வாளின் ஒரு பல்லில் பென்சிலால் புள்ளி வைப்பார். அந்தப் பல்லிலிருந்து, பலகையை ஒட்டித் தள்ளுகிற பக்கச் சட்டம் எவ்வளவு தூரம் என்று முன்பக்கத்தில் அளப்பார். பிறகு வாளைக் கையால் சுற்றி, அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மறுபடி அளப்பார். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் பிசகினாலும் சட்டத்தைத் தட்டி நேராக்கிய பிறகுதான் தேத்தண்ணி. பலகையின் தடிப்பைவிட ஒரு பல் உயரத்துக்கு மேல் வாளை ஏற்ற மாட்டார். பலகைக்கு நேர் பின்னால் நிற்க மாட்டார். இடப்பக்கம் ஒதுங்கித்தான் நிற்பார். கடைசி ஒரு சாண் நீளத்தை விரலால் தள்ளாமல் கட்டையால் தள்ளுவார்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தகடு. வாளுக்கு நேர் பின்னால், வாளின் தடிப்பிலேயே, ஒரு பிறை மாதிரி நிற்கும் இரும்புத் துண்டு. மரம் உயிரோடு இருந்தபோது எந்தப் பக்கம் வளைந்ததோ, அந்த வளைவை அறுபடும்போதும் நினைத்துக்கொள்ளும். வெட்டின வாய் பின்னால் மூடிக்கொண்டு வாளைக் கவ்வும். கவ்வினால் பின்பற்கள் பலகையைத் தூக்கி வெட்டுகிறவன்மேல் எறியும். வாய் மூடாமல் நடுவில் நிற்பதுதான் தகட்டின் வேலை. பலகையில் காடி, அதாவது பள்ளம், வெட்டும்போது மட்டும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். கழற்றினால் எங்கேயும் வைக்க மாட்டார், தன் சேர்ட் பொக்கற்றில் போட்டுக்கொள்வார். பொக்கற்றில் பாரம் இருக்கும்வரை நெடுக்கு வெட்டு இல்லை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட அதை அவர் மறந்ததில்லை.

வருடத்தில் ஒரு தடவை வேறொரு காரணத்துக்காகவும் தகடு பொக்கற்றுக்குப் போகும். ஆயுத பூசை. முதலாளி வீட்டார் செட்டியார்கள்; பூசையில் குறை வைக்க மாட்டார்கள். வாளை மேசைக்கு மேல் முழு உயரத்துக்கு ஏற்றி, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, மாலை போட வேண்டும். முதல் வருடம் மாலை தகட்டின் விளிம்பில் பட்டு அறுந்துவிட்டது. முதலாளியின் மனைவி மெய்யம்மை முகம் சுருங்கி, அதை எடுத்துடுப்பா என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் றேமண்ட் தகட்டைக் கழற்றி, வாளை ஏற்றி, தன் கையாலேயே மாலையும் போட்டுவிடுவார். செவ்வாய் தவறாமல் கொச்சிக்கடைக் கிறிஸ்தவக் கோவிலுக்குப் போகிற மனிதர் அவர். பூசை நடக்கும்போது செருப்பைக் கழற்றி, பின்வரிசையில் கைகட்டி நிற்பார். திருநீறு கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவார். நெற்றியில் பூசுவதில்லை, கீழே போடுவதுமில்லை. உள்ளங்கையிலேயே வைத்திருப்பார்.

பூசை வைத்த வாளை மறுநாள் விஜயதசமி பூசை முடியும்வரை யாரும் தொடக்கூடாது. கற்பூரம் காட்டி முடிந்ததும் றேமண்ட் முன்னுக்குப் போய் மாலையை எடுத்து, வாளை இறக்கி, தகட்டைப் பூட்டி, முதல் வெட்டை வெட்டுவார். எல்லாரும் கைதட்டுவார்கள். சுண்டல் கொடுப்பார்கள். இப்படித்தான் நடந்து வந்தது.

போன வருடம் விஜயதசமியன்று காலையில் முதலாளி வழக்கத்தை மாற்றினார். மகன் விஷ்வா முதல் வெட்டை வெட்டுவான் என்றார். விஷ்வா சென்னையில் படித்துவிட்டு வந்து இரண்டு வருடமாகப் பட்டறையில் நிற்கிறான். நல்ல பிள்ளை. வேலையாட்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவான், றேமண்டை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். வாளில் பலகை வெட்டவும் தெரியும். ஆனால் அவன் வெட்ட வரும்போதெல்லாம் உயரம், சட்டம், தகடு எல்லாம் றேமண்ட் ஏற்கெனவே சரிபார்த்து வைத்தவையாக இருந்தன. மேசை பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது என்று அவன் நினைத்திருக்கலாம். றேமண்டும் சொல்லிக்கொடுத்ததில்லை. யாரும் கேட்டதுமில்லை.

நல்ல நேரம் பத்து மணி பன்னிரண்டு நிமிடத்தோடு முடிகிறது. ஐயர் வரப் பிந்திவிட்டார். கற்பூரம் காட்டி முடியும்போது பத்து ஒன்பது. முதலாளியின் தங்கை லக்ஷ்மிப்பிரியா குடும்பத்தோடு வந்து முன்வரிசையில் நின்று போனில் படம்பிடித்துக்கொண்டிருந்தார். மெய்யம்மை மாலையை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். குங்குமம் வைத்த ஒரு மகோகனிப் பலகையை விஷ்வா கையில் எடுத்தான். வாள் முழு உயரத்தில் நின்றது. அதன் பின்னால் ஒன்றுமில்லை.

றேமண்டின் கை பொக்கற்றுக்குப் போனது. தகடு அங்கேதான் இருந்தது. முன்னால் பட்டுச் சேலைகள், சிறுபிள்ளைகள், ஐயரின் மணிச்சத்தம். அவர் ஒரு அடி வைத்தார்.

"தம்பி..."

விஷ்வா திரும்பிப் பார்த்தான். றேமண்ட் அண்ணன் வாழ்த்துகிறார் என்று நினைத்தான். முகம் மலரச் சிரித்தான்.

றேமண்டும் சிரித்தார்.

நேரம் போகுது, போடுப்பா என்றார் முத்தப்பன். மிசின் இரைந்தது. பலகை பாதி கூடப் போகவில்லை. அடித்த சத்தம் கதவை ஓங்கிச் சாத்தினது போல இருந்தது. பலகை விஷ்வாவின் வயிற்றில் மோதிச் சுவரில் விழுந்தது. பலகையை அமர்த்திக்கொண்டிருந்த வலது கைக்குக் கீழே பலகை இல்லாமல் போனது. வாள் இருந்தது.

எதிர்க்கடை மீன்காரனின் ஐஸ்பெட்டியை வாங்கி, மரத்தூளுக்குள் தேடி, துண்டான இரண்டு விரலையும் எடுத்துப் போட்டவர் பஸீர்தான். ஆஸ்பத்திரியில் ஒன்றைப் பொருத்தினார்கள். ஆறாம் நாள் அதுவும் கறுத்து, எடுக்க வேண்டியதாயிற்று.

அதற்குப் பிறகு எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி. தகட்டைக் கழற்றியது யார்? பதிலும் ஒன்றுதான். றேமண்ட். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. யார் கழற்றச் சொன்னது, யார் அவசரப்படுத்தியது என்று ஒருவரும் கேட்கவில்லை. வேதக்காரன் கையால் மாலை போட்டதுதான் தோஷம் என்று லக்ஷ்மிப்பிரியா சொன்னதாகவும் செய்தி வந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கைதான் போட்டது. றேமண்ட் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய் வார்டு வாசலில் நின்றுவிட்டு வந்தார். மெய்யம்மை அவரைக் கடந்துபோகும்போது சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு போவார்.

முதலாளி கூப்பிட்டு விசாரிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் பஸீர் றேமண்டைத் தனியே கூட்டிப்போனார். மறந்துட்டன் என்று செல்லுங்க, அவ்வளவுதான், மறதிக்கு மன்னிப்பு ஈக்கி என்றார். வீட்டில் மனைவி அனுஷியாவும் அதையே சொன்னார். நாற்பத்தெட்டு வயதில் வேறு யாரிடம் போய் நிற்பது? வாள் மேசையில் இவருடைய இடம் போய்விட்டால் இவரிடம் மிச்சம் என்ன இருக்கிறது? ஒரு சொல்தானே.

றேமண்ட் இரண்டு நாள் அந்தச் சொல்லோடு நடந்து திரிந்தார். மறந்திட்டன். எல்லாரும் மறக்கிறார்கள். ஆனால் மறக்காத ஆள் என்றுதான் இருபத்திரண்டு வருடம் அவர் அந்த மேசையில் நின்றார். மறந்திருந்தால் அது விபத்து. மறக்காமல் நின்றது என்ன? அதற்கு ஒரு பெயர் வைக்க அவரால் முடியவில்லை.

பன்னிரண்டாம் நாள் முத்தப்பன் கூப்பிட்டார். அறையில் விஷ்வாவும் இருந்தான். வலது கை நெஞ்சோடு கட்டப்பட்டிருந்தது. முத்தப்பன் கோபப்படவில்லை. களைத்துப் போயிருந்தார்.

"மறந்துட்டேன்னு சொல்லுப்பா. பூசை அவசரம், மறந்துடுச்சு. நான் எல்லார்கிட்டயும் அதையே சொல்லிடுறேன். நாளைக்கு வந்து மிசின்ல நில்லு."

றேமண்ட் வாயைத் திறக்குமுன் விஷ்வா இடது கையால் போனை மேசைமேல் வைத்துத் தள்ளினான். அத்தை எடுத்த படம். நாற்பது செக்கன். மணி அடிக்கிறது, புகை போகிறது. ஓரத்தில் றேமண்ட், கை பொக்கற்றில். வாய் திறக்கிறது. பிறகு சிரிப்பு.

"அண்ணே, அப்ப என்னைக் கூப்பிட்டீங்கல்ல. எதுக்கு?"

வாழ்த்தத்தான் என்று சொல்லியிருக்கலாம். படம் அதற்கு எதிராக ஒன்றும் சொல்லியிராது. விஷ்வாவின் கண்களும் அதைத்தான் கேட்பதுபோல இருந்தன.

"தகட்டைப் பற்றிச் சொல்லத்தான் தம்பி. மறக்கேல்லை. பொக்கற்றுக்குள்ளதான் இருந்தது."

"அப்புறம் ஏன் சிரிச்சீங்க?"

றேமண்டுக்கு இந்தத் தடவையும் சொல் வர நேரமெடுத்தது.

"நீங்க சிரிச்சீங்க தம்பி."

விஷ்வா போனை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே போனான். மெய்யம்மை அம்மாதானே முதலில் கழற்றச் சொன்னது, நீங்கள்தானே நேரம் போகுது என்றது என்று றேமண்டின் நாக்கின் நுனிவரை வந்தது. அதையும் விழுங்கினார்.

"மறந்தவனை வெச்சுக்கலாம் றேமண்ட்," என்றார் முத்தப்பன். "தெரிஞ்சுகிட்டு நின்னவனை நான் எப்படிப்பா வெச்சுக்கிறது? இவன் தினம் உன் முகத்தைப் பாக்கணுமா?"

தள்ளுகட்டையையும் பென்சிலையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். றேமண்ட் எடுக்கவில்லை. தகட்டை மட்டும் வாளுக்குப் பின்னால் பூட்டி, திருகாணியை இறுக்கி, வாளைத் தாழ இறக்கிவிட்டுப் போனார். வாசல்வரை வந்த பஸீருக்கு அன்று பகிடி ஒன்றும் வரவில்லை. ஒரு சொல்லச் செல்லத் தெரியல்லியே ஒங்களுக்கு என்று மட்டும் முணுமுணுத்தார்.

கொட்டாஞ்சேனையில் எந்தப் பட்டறையும் அவரை எடுக்கவில்லை. செய்தி அவருக்கு முன்னாலேயே போயிருந்தது. தெமட்டகொடையில் ஒரு இடத்தில் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் பேலியகொடையில், சாமான் அடுக்குகிற மரத்தட்டுகள் அடிக்கும் ஒரு கொட்டிலில் வேலை கிடைத்தது. வேலையை மேற்பார்க்கும் போமன் சிங்களவர், நல்லபடியாகத்தான் பேசினார். கையைக் காட்டச் சொன்னார். றேமண்ட் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். போமன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த அண்ணன் வாளில் நின்ற ஆள் இல்லைபோல, ஆணி அடிக்கட்டும் என்றார். இருபத்திரண்டு வருடம் என்று றேமண்ட் சொல்லத் தொடங்குவதற்குள் அவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அங்கேயும் ஒரு வட்டவாள் மேசை இருக்கிறது. தகடு இல்லை. வாள் எப்போதும் முழு உயரத்தில். வெட்டுகிறவனுக்கு எட்டு விரல். பலகைக்கு நேர் பின்னால் வயிற்றைக் கொடுத்துக்கொண்டு நிற்பான். முதல் நாளே றேமண்ட் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சொன்னார். மிசினின் இரைச்சலுக்கு மேலாக, தன் அரைகுறைச் சிங்களத்தில், கத்தியே சொன்னார். பக்கத்தில் நில்லுங்க, வாளை இறக்குங்க, பின்னால் ஒரு தகடு போடுங்க. அவன் மிசினை நிறுத்திவிட்டு எட்டு விரலையும் தூக்கிக் காட்டினான். பதினைந்து வருடமாக வாளில் நிற்கிறவன் நான், ஒரு கீறல்கூட இல்லாத கையை வைத்துக்கொண்டு இவர் எனக்குப் படிப்பிக்க வருகிறார் என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். கொட்டிலே சிரித்தது.

அடுத்த நாளும் றேமண்ட் போய்ச் சொன்னார். அதற்கடுத்த நாளும். இப்போது ஒவ்வொரு நாளும் சொல்கிறார். காலையில் வந்து சுத்தியலைத் தொடுவதற்கு முன் முதல் வேலை அதுதான். அவர் வருவதைக் கண்டாலே அந்த ஆளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நேருக்கு நேர் முகத்தைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

றேமண்ட் சிரிப்பதில்லை.