இரண்டு பூட்டுப் போட்ட புத்தகக்கடை

அப்பாவின் முப்பத்தோராம் நாள் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் ஊரவர்களுக்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இப்படியான மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் ஒரே ஆளைப் போலத்தான் இருப்பார்கள். எல்லோரும் அன்பின் உறைவிடம், எல்லோரும் பொறுமையின் பிறப்பிடம். கனடாவிலிருந்து தம்பியும், "அக்கா, கண்டதையும் எழுதி வைக்காதை. நல்லதாய் நாலு வரி எழுது" என்றுதான் தொலைபேசியில் சொன்னான். என்னால் அப்படி எழுத முடியாது. எனக்கு யாரையும் லேசில் நம்ப வராது. மரக்கறிக்காரரின் தராசையும் நம்பமாட்டேன், வானொலியில் சொல்லும் மழையையும் நம்பமாட்டேன். நான் நம்பாமல் விட்டவர்களில் முதல் ஆள் என் அப்பா. அதைத்தான் எழுத வேண்டும்.

அப்பா பேசாலையில் கடற்றொழில் செய்யும் குடும்பத்தில் ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தார். அண்ணன்மார் நால்வரும் கடலுக்குப் போனார்கள். அப்பாவுக்கோ வள்ளத்தில் கால் வைத்தாலே வாந்தி. "கடற்கரையில பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளேல்லையெண்டால் இவன் ஆரின்ட பிள்ளை?" என்று அவருடைய தகப்பனாரே கேட்டாராம். ஆக, அப்பாவைச் சந்தேகிக்கும் வழக்கம் அவர் பிறந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

பள்ளிக்கூடம் முடித்ததும் ரயிலில் வரும் பத்திரிகைக் கட்டுகளை மன்னார் நிலையத்தில் இறக்கிச் சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். அதே ரயிலில் கொப்பியும் பென்சிலும் அரபு எழுத்துப் புத்தகமும் இறக்கி விற்றவர் முசலிப் பக்கத்துச் சலீம் நானா. அப்பாவைவிட இரண்டு வயது மூத்தவர், அதனால் அண்ணன் முறையில் 'நானா'. மேடையில் கட்டு வைக்கும் இடத்துக்காக இருவரும் ஒரு மாதம் சண்டை பிடித்தார்கள். பிறகு நானாதான் கேட்டாராம்: "உன்னட்டப் பேப்பர் இருக்கு, என்னட்டக் கொப்பி இருக்கு. ரெண்டையும் ஒரு கூரைக்குக் கீழ வைச்சால் என்ன?"

அப்படித்தான் கடைத்தெருவில் எங்கள் புத்தகக்கடை உண்டானது. ஒரே ஒரு அறை. வலப்பக்கம் அப்பாவின் பத்திரிகைகள், ஜெபப் புத்தகங்கள், கதைப் புத்தகங்கள், பஞ்சாங்கம். இடப்பக்கம் நானாவின் கொப்பிகள், பாடநூல்கள், அரபுப் புத்தகங்கள். முருங்கனிலிருந்தும் வெள்ளாங்குளத்திலிருந்தும் ஆசிரியர்மார் பஸ் ஏறி வருவார்கள். வேதக்காரரின் கடையில் பஞ்சாங்கம் வாங்குகிறோம் என்று சைவர்களும் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

நண்பர்கள் இருவருக்கும் இடையில் ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. சந்தேகமெல்லாம் வீட்டுக்காரருக்குத்தான். "ஒரு கிழமை நீங்கள் காய்ச்சலில படுத்தால் அவர் கடையைத் தன்ட கடையாக்கிப்போடுவார், பாருங்கோ" என்று அம்மா சொன்னார். அங்கே நானாவின் மாமனாரும் அப்பாவைப் பற்றி அச்சொட்டாக அதையே சொல்லியிருக்கிறார். இரண்டு வீட்டு வாயையும் அடைக்க இரண்டு பேரும் ஒரு வழி கண்டார்கள். முன்பக்கப் பலகைக் கதவில் இரண்டு கொண்டி அடித்து இரண்டு ஆமைப்பூட்டுப் போட்டார்கள். ஒன்று அப்பாவினுடையது, மற்றது நானாவினுடையது. அவரவர் பூட்டைத் திறக்கும் திறப்பு அவரவரிடம் மட்டும். இரண்டு பேரும் வந்தால்தான் கடை திறக்கும். முதலில் வந்தவர் மற்றவர் வரும்வரை படியில் குந்தியிருப்பார். ஒருவருக்குத் தடிமன் வந்தாலும் மன்னாரில் அன்றைக்குப் பத்திரிகை இல்லை. சனம் பேசிய பேச்சைக் கேட்டால் காது கூசும்.

பிறகு ஓர் ஐப்பசி மாதம். ஆயுதம் வைத்திருந்தவர்கள் முஸ்லிம் சனம் முழுவதையும் வெளியேறச் சொன்னார்கள். அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. நானா மனைவி பிள்ளைகளோடு உடுத்த உடுப்பில் புத்தளம் போனார். கடைத் திறப்பு அவருடைய இடுப்பு வாரிலேயே போய்விட்டது.

நாங்களும் சண்டைக்குப் பயந்து மடு மாதா கோயிலுக்கு ஓடிப் பல மாதம் கழித்துத்தான் திரும்பினோம். கடையின் பின்சுவரை யாரோ உடைத்து உள்ளே இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். முன்கதவில் மட்டும் இரண்டு பூட்டும் அப்படியே தொங்கின.

"நானாவின்ட பூட்டை உடையுங்கோ. வேற என்ன வழி?" என்றார் அம்மா.

"நான் உடைச்சால் நீ அண்டைக்குச் சொன்னது உண்மையாய்ப் போயிடும்" என்றார் அப்பா.

கள்ளர் உடைத்த ஓட்டையிலேயே ஒரு சின்னக் கதவைப் பொருத்தி, அந்த வழியாலேயே அப்பா முப்பது வருடத்துக்கு மேல் கடை நடத்தினார். வாங்க வருகிறவர்களும் பின் ஒழுங்கையால் வந்து தலையைக் குனிந்துதான் உள்ளே போகவேண்டும். "குனிஞ்சால்தானே படிப்பு வரும்" என்று அப்பா பகிடி விடுவார்.

ஊர் அதைப் பகிடியாக எடுக்கவில்லை. பனைமரத்துக்குக் கீழே நின்று பால் குடித்தாலும் கள்ளென்றுதானே சொல்லும் உலகம்! கள்ளர் போன வழியால் ஒரு மனிதர் தினமும் போய்வந்தால் என்ன சொல்லுவார்கள்? கூட்டாளியின் கடையை விழுங்கிவிட்டார் என்றார்கள். முன்கதவைப் பூட்டி வைத்துவிட்டு உள்ளே என்னவோ நடக்கிறது என்றார்கள். ஆமிக்காரருக்கும் அதே சந்தேகம்தான். ஒருநாள் வந்து ஒவ்வொரு புத்தகமாய் உதறிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் படப்புத்தகத்தில் இருந்த இலங்கை வரைபடத்தைத் தனியே எடுத்து வைத்தார்கள். முன்னால் ஏன் பூட்டு என்று கேட்டார்கள். "திறப்பு கூட்டாளியிட்ட இருக்கு" என்றார் அப்பா. கூட்டாளி எங்கே என்றார்கள். "வருவார்" என்றார். இரண்டு நாள் முகாமில் வைத்திருந்து அனுப்பினார்கள். அங்கே என்ன நடந்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

நானும் சந்தேகப்பட்டேன். எனக்குப் பதினாறு வயதிருக்கும். ஒரு சனிக்கிழமை விடிய ரியூசனுக்குச் சைக்கிளில் போகிறேன். கடைத்தெருவில் ஒரு காக்கா குருவி இல்லை. அப்பா வீதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முன்கதவடியில் குந்தியிருந்து, நானாவின் பூட்டுக்குள் ஒரு சைக்கிள் கம்பியை விட்டு ஆட்டிக்கொண்டிருந்தார்! என்னைக் கண்டதும் திடுக்கிட்டுப் போனார். "ஒண்டுமில்லை. நீ போ" என்றார். உடைக்கத்தான் மாட்டாராம், கள்ளமாய்த் திறக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு ஒரு மாதிரி இருந்தது. இரண்டு மூன்று தடவை வேண்டுமென்றே சனிக்கிழமைகளில் அந்தப் பக்கமாகப் போய்ப் பார்த்தேன். அதே இடம், அதே கம்பி. நெருப்பில்லாமல் புகையுமா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

சண்டை ஓய்ந்ததும் போய்வருகிற ஆட்களிடமெல்லாம் அப்பா, "நானாவைத் திறப்போட வரச் சொல்லுங்கோ" என்று சொல்லி அனுப்பினார். ஒருமுறை தானே புத்தளம் போய்த் தேடினார். பழைய அகதி முகாம் இருந்த இடத்தில் யாரும் இல்லை. நானா வரவில்லை.

இனி எழுதப்போவதைத் தம்பி இந்தப் பக்கத்தில்தான் முதல்முறையாக வாசிப்பான். ஆறு வருடங்களுக்கு முன் அப்பா கிளினிக்குக்கு முருங்கன் போயிருந்த நாளில், நான் கடையில் இருந்தேன். ஒரு பெண் குனிந்து உள்ளே வந்தார். நானாவின் மகள் என்றார். "வாப்பா பார்த்திட்டு வரச் சொன்னார். கடை இன்னும் நடக்குதா, உங்கட அப்பா சுகமா எண்டு கேட்டார்" என்றார்.

சுகம் விசாரிக்கவா இவ்வளவு தூரம் வந்தார் என்று என் மனம் உடனே கணக்குப் போட்டது. பாதிக் கடையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார். "கடை இப்ப எங்கட. அப்பாவைக் கரைச்சல்படுத்தாதேங்கோ" என்றேன். அவர் கொப்பித் தாள் ஒன்றில் தொலைபேசி இலக்கத்தை எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போனார். அந்தத் தாளை அப்பாவிடம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை, கிழிக்கவும் துணிவு வரவில்லை. என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தேன். ஆறு வருடமாக அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செபமாலை சொன்னேன். பாவி நான்!

கடைசி நாட்களில் அப்பாவுக்கு மூச்சுத்தான் பெரிய பாடு. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "இண்டைக்குச் சனிக்கிழமையா?" என்று நாளுக்குப் பத்துத் தடவை கேட்பார். புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தோம். ஒரு பின்னேரம் என் கையைப் பிடித்து, "முன்கதவடியில நானா வந்து நிக்கிறாரோ, ஒருக்காப் போய்ப் பார், பிள்ளை" என்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. வெளியே போய் அந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மகள்தான் கதைத்தார். நான் அழுததில் பாதி அவருக்கு விளங்கியிருக்காது. "விடிய வெளிக்கிடுறம்" என்றார். அப்பா விடியும் முன்பே கண்ணை மூடிவிட்டார். ஆறு வருடம் என் கையில் இருந்தது. கடைசியில் ஒரு இரவு போதாமல் போனது.

மறுநாள் இறுதி ஊர்வலம் ஆலயத்துக்குப் போகும் வழியில் கடைத்தெருவில் நின்றது. ஊர் வழக்கப்படி அயல்கடைக்காரர் எல்லோரும் அரைக்கதவு சாத்தியிருந்தார்கள். தொழில் செய்த வாசலைத் திறந்து வைத்துத்தான் ஒருவரை வழியனுப்பவேண்டும். எங்கள் வாசலோ பூட்டியிருந்தது. அப்பாவின் கடைசி நாட்களில் கனடாவிலிருந்து வந்து நின்ற தம்பி சுத்தியலோடு வந்திருந்தான். "அப்பாவைப் பின் ஒழுங்கையாலயா கொண்டுபோறது? விடு அக்கா, உடைப்பம்" என்றான். நான் கதவுக்குக் குறுக்கே நின்றேன். வாழ்நாள் முழுக்க அப்பா உடைக்காததை அவர் கண்ணை மூடிய மறுநாளே நாங்கள் உடைப்பதா? நானா நேற்றே வந்து சேர்ந்திருக்கவேண்டும். வரமாட்டார் போலிருக்கிறது என்று என் பாழாய்ப்போன மனம் அப்போதும் சொன்னது.

அந்த நேரத்தில்தான் ஒரு வான் வந்து நின்றது. வழியில் பழுதாகி மதவாச்சியில் ஒரு இரவு கிடந்தார்களாம். மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நானா இறங்கினார். பேழைக்குக் கிட்டப் போய் அதன்மேல் கையை வைத்தார். பிறகு என்னிடம் சொன்னார்:

"சண்டை முடிஞ்ச கையோட நான் ஒருக்கா வந்தனான், மகள். அந்தா, அந்தப் பக்கம் நிண்டு பார்த்தன். முன்னால என்ட பூட்டுத் தொங்குது, பின்னால யாவாரம் நடக்குது. என்னை வெளியால விட்டுப் பூட்டிட்டான் எண்டு நினைச்சு அடுத்த பஸ்சில ஏறிட்டன்."

இடுப்பு வாரிலிருந்து திறப்பை எடுத்தார். முப்பது வருட உப்புக்காற்றில் தொங்கிய பூட்டு. திறக்காது என்று எல்லோரும் நினைத்தோம். நானா திறப்பைப் போட்டுத் திருப்பினார். நேற்று வாங்கிய பூட்டைப் போல டக்கென்று திறந்தது. நானா தன் விரலை மூக்கில் வைத்து முகர்ந்தார். "தேங்காயெண்ணெய்" என்றார்.

சனிக்கிழமை. சைக்கிள் கம்பி. எனக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது.

இனி மற்றப் பூட்டு. அப்பாவுடையது. அதன் திறப்பு என்னிடம் இருந்தது. போட்டேன், திரும்பவில்லை. தம்பி முயன்றான், ஊரே முயன்றது. அசையவில்லை. நானாவின் பூட்டுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் எண்ணெய் விட்ட மனிதர், தன்னுடைய பூட்டுக்கு ஒரு நாளும் விடவில்லை! உள்ளே துரு கல்லாய் இறுகிப் போயிருந்தது. சுத்தியலை நானாவிடம் நீட்டினோம். "அவன் என்ட பூட்டைத் தொடேல்லை. அவன்ட பூட்டை நான் உடைக்கிறதா? நீ உடை, மகள்" என்றார். அழுதுகொண்டே நான் உடைத்தேன். முன்கதவு திறந்தது. வெயில் போய் உள்ளே புத்தகங்களில் விழுந்தது. அப்பாவை அந்த வாசலில் வைத்து வழியனுப்பினோம்.

அப்பா நோயுற்றபோது இரவு பகல் பார்த்த வைத்தியர்கள், தாதியர்கள், கடைசித் திருவருட்சாதனம் கொடுத்த பங்குத்தந்தை, பேழை சுமந்தவர்கள், வெயிலில் பொறுமையாக நின்றவர்கள், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவந்த அயலவர்கள், அரைக்கதவு சாத்திய கடைக்காரர்கள், புத்தளத்திலிருந்து வந்த நானா குடும்பத்தார் ஆகிய எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அப்பாவைத் தவறாகப் பேசியவர்களும் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். உங்களைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. நானும் உங்களில் ஒருத்திதான். நானாவின் மகளிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். அப்பாவிடம் கேட்க இந்தப் பக்கம்தான் இருக்கிறது. அப்பா, என்னை மன்னித்துக்கொள்ளுங்கோ.

அடுத்த கிழமை கடையை முன்கதவால் திறக்கிறோம். நானா முசலிக்குத் திரும்பி வந்துவிட்டார். கதவுக்கு இரண்டு புதுப் பூட்டு வாங்கி, ஒன்றின் திறப்பை அவரிடம் கொடுத்தேன்.

"இன்னும் என்னை நம்பேல்லையா, மகள்? ஒரு பூட்டுக் காணாதா?" என்று சிரித்தார்.

"காணாது நானா. ஒண்டெண்டால் நீங்கள் வராமலே நாங்கள் திறந்துபோடுவம்" என்றேன்.