லைட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே!

போன வருசம் ஐப்பசி மழை நேரம். போடியில இருந்து குரங்கணி போற ரோட்டுல எங்க வீடு. அந்த ஒன்றரை மாசம் நான் போட்ட கூப்பாட்டுல எங்க தெரு நாயி கூட என்னைக் கண்டா ஒதுங்கிப் போச்சுன்னா பாத்துக்கோங்க. எல்லாம் ரெண்டு லைட்டு பண்ண வேலை.

முதல்ல கார் எதுக்கு வாங்குனேன்னு சொல்லிடறேன். என் மனைவிக்கு ரெண்டு கிட்னியும் சரியில்ல. செவ்வாயும் வெள்ளியும் தேனிக்குக் கூட்டிட்டுப் போய் டயாலிசிஸ் பண்ணணும். காலையில ஏழரைக்கு அங்க இருந்தாகணும். ஒரு தடவை தவறுனாலும் போச்சு, கால் ரெண்டும் வீங்கி, நாலு எட்டு நடக்கறதுக்குள்ள மூச்சு வாங்கும். அவளுக்கு டீசல் வாடை வேற ஆகாது. பஸ்சுலயும் ஜீப்புலயும் போய் இறங்குறதுக்குள்ள குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி எடுத்துருவா. அதுக்காகத்தான் கரண்டு கார் வாங்குனேன். வாடை கிடையாது, சத்தம் கிடையாது. முதல் தடவை போய்ட்டு வந்தப்ப, "இன்னைக்கு வாந்தியே வரலங்க"ன்னு சின்னப் புள்ள மாதிரி சிரிச்சா.

அதோட நான் சும்மா இருந்திருக்கணும். இருந்தேனா? இல்லையே!

இந்தப் பக்கம் ஓடுற ஜீப்பு ஒவ்வொன்னையும் பாருங்க, மூஞ்சியில நாலு மஞ்ச லைட்டு மாட்டி மிடுக்கா வரும். என் காரு மட்டும் மீசை எடுத்த ஆளு மாதிரி மொழுமொழுன்னு நின்னுச்சு. ஏலத்தோட்டத்துக்குப் போடிமெட்டு ஏறும்போது பட்டப்பகல்லயே மேகம் வந்து ரோட்டை மறைக்கும், அதுக்கு லைட்டு வேணும்னு வீட்டுல சொன்னேன். மாசத்துக்கு ஒரு தடவை போற தோட்டத்துக்கு எதுக்கு இதெல்லாம்னு அவ கேட்டா. உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்னு வாயை அடைச்சுட்டேன்.

போடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு எலக்ட்ரீசியன். இருபது வருசமா ஜீப்பு வேலை பாக்குற ஆளு. பார்க்கிங் லைட்டுக்குப் போற ஒயரைச் சீவி, அதுல ஒரு இணைப்பு எடுத்து, பானட்டுக்குள்ள லைட்டைத் தானா போட்டு அணைக்கிற ரிலேங்கிற சின்ன டப்பியை வச்சு, முன்னாடி ரெண்டு மஞ்ச லைட்டை மாட்டிக் குடுத்தான். பார்க்கிங் லைட்டைப் போட்டா இதுவும் எரியும், அணைச்சா அணையும், தனி சுவிச்சே வேணாம்ணேன்னான். எனக்கும் அம்சமாத்தான் பட்டுச்சு.

நாலாம் நாள் காலையில பிடிச்சுது சனியன். காருக்குள்ள உக்காந்தா ஸ்கிரீன்ல சிவப்பும் மஞ்சளுமா எச்சரிக்கை. பிரேக்கைப் பாரு, ஸ்டியரிங்கைப் பாருன்னு வரிசையா வருது. அணைச்சுப் போட்டா மறைஞ்சுருது. ரெண்டு நாள் கழிச்சு கதவே திறக்கல, பத்துத் தடவை அமுக்குன பிறகுதான் திறந்துச்சு. எலக்ட்ரீசியனுக்குப் போன் போட்டு, லைட்டு கரண்டைத் தின்னுதான்னு கேட்டேன். லைட்டுதான் அணைஞ்சு கிடக்கே, அது எப்படிண்ணே கரண்டைத் தின்னும், லைட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லண்ணேன்னு அடிச்சுச் சொல்லிட்டான். அந்த ஒத்தை வார்த்தையப் பிடிச்சுக்கிட்டு ஊரையே சுத்தினேன்யா நான்.

வீட்டு ஒயரிங்ல குத்தம்னு நினைச்சு அதை மாத்தினேன். வோல்டேஜு சரியில்லன்னு கரண்டு ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். லைன்மேன் வந்து மீட்டர் வச்சுப் பாத்துட்டு, எங்களை விட்ருங்கண்ணேன்னு கும்புட்டுட்டுப் போனார். ரிமோட் சாவி பக்கத்துல இருந்தா வண்டி சும்மா சும்மா முழிச்சுக்கும்னு ஒருத்தர் சொன்னார். சாவியை முறுக்கு டப்பாவுல போட்டு மூடி அடுப்படியில வச்சேன். முறுக்கு நமுத்ததுதான் மிச்சம். கடைசியில, கார்ல போன் சார்ஜ் போட்டது நீதானேன்னு என் மனைவி மேலயே பழியப் போட்டேன்.

அவ அப்பவே ஒன்னு சொன்னா. ராத்திரியில கார் நிக்கிற பக்கத்துல டிக்கு டிக்குன்னு ஒரு சத்தம் கேக்குதுங்கன்னா. தகரத்துல மழைத்தண்ணி சொட்டுதுன்னேன். மழை இல்லாத அன்னைக்கும் கேக்குதேன்னா. மாத்திரை சாப்புடுற உடம்பு, காதுல என்னென்னமோ கேக்கும், பேசாம படுன்னுட்டேன். அதுக்கப்புறம் அவ அதைப் பத்திப் பேசல.

சர்வீஸ் சென்டர் கூத்தையும் சொல்லணும். வெளியில ஏதாவது மாட்டியிருக்கீங்களா சார்னு அங்க கேட்டாங்க. மாட்டியிருக்கேன்னு சொன்னா வாரன்டி போயிருமேன்னு, அங்க போறதுக்கு முன்னாடியே எலக்ட்ரீசியனை வச்சு லைட்டு, ஒயரு, ரிலே அத்தனையும் கழட்டிட்டுத்தான் போயிருந்தேன். ஒரு திருகாணி கூட மாட்டலன்னு சத்தியம் பண்ணேன். ரெண்டு நாள் வச்சிருந்து பாத்தாங்க. வண்டி தங்கமா ஓடுச்சு. ஓடாம என்ன செய்யும்? ஒரு குத்தமும் இல்ல சார்னு குடுத்தாங்க. வேலை தெரியாத பயலுகன்னு வஞ்சுக்கிட்டே வந்து, மறுநாளே லைட்டைத் திரும்ப மாட்டினேன். என்னை மாதிரி ஒரு மடையனை நீங்க பாத்திருக்கவே மாட்டீங்க.

அப்புறம் வந்துச்சு அந்த வெள்ளிக்கிழமை.

காலையில ஆறு மணி, தூத்தல். முந்தின நாளே அவளுக்குக் கால் வீங்கியிருந்துச்சு. கிளம்பி வந்து நிக்கிறோம், கார் கதவு திறக்கல. கைச்சாவியப் போட்டுத் திறந்து உக்காந்தா ஸ்கிரீன் இருட்டு. எவ்வளவு அமுக்கியும் அசையல. முதல் பஸ்சு வர இன்னும் முக்கால் மணி நேரம் ஆகும். அவ ரோட்டோரக் கல்லுல உக்காந்து மூச்சு வாங்குறா. நான் காரை எட்டி மிதிக்கிறேன். எனக்கு அழுகையே வந்துருச்சு.

அந்த நேரம் கீழ இருந்து ஒரு ஜீப்பு வந்துச்சு, ஏலக்காய் எடுக்கப் போற பொம்பளைகளை ஏத்திக்கிட்டு. கையைக் காட்டி நிறுத்துனேன். விசயத்தைச் சொன்னதும் டிரைவர் பின்னாடி திரும்பிப் பாத்தார், அவ்வளவுதான். பத்துப் பன்னெண்டு பேரும் மடமடன்னு இறங்கிட்டாங்க. "நாங்க நிக்கிறோம், நீ ஆத்தாளை வெரசா கொண்டுபோய் விட்டுட்டு வா"ன்னாங்க. லேட்டாப் போனா தோட்டத்துல கங்காணி கிழிச்சுருவார்னு அவங்களுக்குத் தெரியாதா? தலையில துண்டைப் போட்டுக்கிட்டு மழையில நின்னாங்க. ஒரு அம்மா மட்டும் இவளைப் பிடிச்சுக்கக் கூடவே ஏறுச்சு. போடியில இருக்குற என் கொழுந்தியாவுக்குப் போன் போட்டேன், அவ காத்திருந்து தேனிக்குக் கூட்டிப் போறதா ஏற்பாடு.

நானும் போயிருக்கணும். போகல. திரும்பி வரும்போது அவளுக்குக் கார் வேணுமே, கம்பெனிக்குப் போன் பண்ணி ஆளை வரச் சொல்றேன்னு நின்னுட்டேன். ஆளு வர்றதுக்குள்ள என்ன செஞ்சேன் தெரியுமா? அந்த நேரத்துலயும் வாரன்டி புத்தி. ரெண்டு லைட்டையும் கழட்டி, அழுக்குத் துணிக்கு அடியில ஒளிச்சு வச்சேன்.

வந்த மெக்கானிக் நிதானமான மனுசன். ஒரு சின்னப் பெட்டியக் கொண்டாந்து ஒயர் குடுத்ததும் காருக்கு உசுரு வந்துச்சு. ஸ்கிரீன்ல பாத்தா எண்பத்திரண்டு சதவீதம் சார்ஜ்! எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. அவர் சொன்னார், ஓட்டுறது பெரிய பேட்டரி, வண்டிய எழுப்பிவிடுறது சின்ன பேட்டரி, செத்தது சின்னதுன்னு. மாடித் தொட்டி நிறையத் தண்ணி இருந்தும் குழாயைத் திறக்க ஆள் இல்லாத கதை. அப்புறம் எல்லாக் கதவையும் பூட்டிட்டு, "வண்டி தூங்கட்டும் சார், பாப்போம்"னு படியில உக்காந்துட்டார். தூங்க வைக்கவாய்யா உன்னை வரச் சொன்னேன்னு மனசுக்குள்ள கத்துனேன்.

கொஞ்ச நேரம் கழிச்சு, சின்ன பேட்டரியில மாட்டியிருந்த மீட்டரைப் பாத்து உதட்டைப் பிதுக்கினார். வண்டி தூங்க மாட்டேங்குது, பூட்டின பிறகும் கரண்டு போய்க்கிட்டே இருக்கு, ராத்திரியில ஏதாவது சத்தம் கேக்குமா சார்னார். ஒரு சத்தமும் கிடையாதுன்னு சொல்லி வாயை மூடல, தேனியில இருந்து என் மனைவி போன். நேரத்துக்குப் போய்ட்டேன், ஊசி போட்டுட்டாங்க, கார் என்ன ஆச்சுன்னா. எனக்கு என்னவோ தோணுச்சு. போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர்கிட்ட நீட்டினேன்.

"அக்கா, ராத்திரி வண்டியில ஏதாவது சத்தம் கேக்குமா?"

"கேக்கும் தம்பி. டிக்குன்னு ஒன்னு. நூத்தி இருபது எண்ணுறதுக்குள்ள மறுபடி டிக்குன்னும். விடியிற வரைக்கும் அப்படித்தான். தினமும் எண்ணிப் பாப்பேன்."

அவர் போனை என்கிட்டக் குடுத்துட்டு, பானட்டைத் திறந்து காதை வச்சுக்கிட்டு நின்னார். ரெண்டு நிமிசத்துல டிக்கு. கையை விட்டு, நான் கழட்டாம விட்ட அந்த ரிலேயை வெளிய இழுத்தார். பல்பு நல்லா இருக்கான்னு இந்த வண்டி கம்ப்யூட்டர் அந்த பார்க்கிங் லைட்டு ஒயர்ல அப்பப்ப துளி கரண்டை விட்டுச் சோதிக்குமாம். ஜீப்புல அப்படி எதுவும் இல்ல. அந்தத் துளியில இந்த ரிலே டிக்குன்னு துடிக்க, என்னமோ ஏதோன்னு வண்டி முழிச்சுக்க, ராத்திரி பூரா இதே சோலி. சின்ன பேட்டரி எத்தனை நாளைக்குத் தாங்கும்? பம்பர்ல சேறு படாம இருந்த ரெண்டு வட்டத்தைப் பாத்து, "லைட்டு எங்க சார்?"னார். அழுக்குத் துணிக்கு அடியில இருந்து எடுத்துட்டு வந்து குடுத்தேன். அவர் சிரிக்கக் கூட இல்ல. சிரிச்சிருந்தாத் தேவலாம்.

மத்தியானம் தேனிக்குப் போய் அவளைக் கூட்டிட்டு வந்தேன். சாஞ்சு கண்ணை மூடிக் கிடந்தா. நீ சொன்னதுதான் சரின்னேன். "ம்"னா. தினமுமா எண்ணுவன்னு கேட்டேன். "தூக்கம் வராதப்ப எதையாவது எண்ணணும்லங்க. கார் வர்றதுக்கு முன்னாடி உங்க குறட்டைய எண்ணுவேன்"னா.

அந்த ஜீப்பு டிரைவரை ரெண்டு நாள் கழிச்சுப் பாத்து நன்றி சொன்னேன், உங்க சோலியப் பாருங்கண்ணேன்னு சிரிச்சுட்டுப் போய்ட்டார். லைட்டு ரெண்டும் பரண்ல கிடக்குது. இப்பெல்லாம் ராத்திரி முழிப்பு வந்தா, அவ முழிச்சிருக்காளான்னுதான் முதல்ல பாக்குறேன். முழிச்சிருந்தா எந்திரிச்சு உக்காந்து எதையாவது பேசிக்கிட்டு இருப்போம். வண்டிக்கு என்ன நோவுன்னு ஊரெல்லாம் கேட்டுத் திரிஞ்ச நான், பக்கத்துல படுத்திருந்தவகிட்ட உனக்குத் தூக்கம் வருதான்னு ஒரு நாள் கூடக் கேக்கலையேங்கிறது மட்டும் இன்னைக்கும் நெஞ்சுல உறுத்திக்கிட்டே கிடக்கு.